ஆடாதோடை: செடியை அடையாளம் காண்பது முதல் குடிநீர் காய்ச்சுவது வரை

மழைக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் கொல்லைப்புற வேலிக்குத் தனி மரியாதை வந்துவிடும். அடுத்த தெருவிலிருந்துகூட ஆள் வரும். "நாலு ஆடாதோடை எல பறிச்சிக்கிடட்டுமா?" என்பார்கள். பறித்துக்கொண்டு கிளம்பும்போதுதான் கேள்விகள் வரும். எத்தனை இலை போட வேண்டும், எத்தனை நாள் குடிக்க வேண்டும், பிள்ளைக்குக் கொடுக்கலாமா? வேலியோரம் நின்று அவசரமாகச் சொல்லும் அந்தப் பதில்களைத்தான் இங்கே நிதானமாக எழுதுகிறேன். மூலிகைப் பக்கம் இப்போதுதான் திரும்பியிருப்பவர்களை மனதில் வைத்து எழுதுவதால், விவரம் தெரிந்தவர்களுக்குச் சில இடங்கள் பழைய செய்தியாக இருக்கலாம்.

ஆடாதோடையைக் கீரைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது மருந்து. மருந்துக் கடையில் வாங்கும் இருமல் சிரப் பலவற்றில் இருக்கும் ஒரு பொருள், இந்த இலையில் உள்ள வேதிப்பொருளை முன்மாதிரியாக வைத்து உருவாக்கியதுதான். அந்த அளவுக்கு வேலை செய்யக்கூடிய இலை, தவறான ஆளிடமும் வேலை செய்யும். அதனால் அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை கொஞ்சம் அதிகம்.

முதலில் செடியைப் பாருங்கள்

ஆடாதோடை ஆள் உயரத்துக்கும் கொஞ்சம் மேலேயும் வளரும் புதர்ச்செடி. மா இலையைப் போல நீண்டு, இரண்டு பக்கமும் குறுகி, நுனி கூராக இருக்கும் இலை. ஓரத்தில் பல்வெட்டு கிடையாது. நன்றாக விளைந்த இலை 10 முதல் 20 சென்டிமீட்டர் நீளம் வரும். மா இலையிலிருந்து பிரித்தறிய ஒரு வழி உண்டு. மாவில் இலைகள் மாறி மாறி முளைக்கும். ஆடாதோடையில் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலைகள் எதிரெதிராக நிற்கும். கணு சற்றுப் புடைத்திருக்கும்.

பூத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். கிளை நுனியில் பச்சைப் பூவடிச் செதில்கள் அடுக்கடுக்காக அமைந்த கதிர், அதன் நடுவிலிருந்து எட்டிப் பார்க்கும் வெள்ளைப் பூ. பூவுக்கு மேலுதடு, கீழுதடு என்று இரண்டு பிரிவு. கீழுதட்டில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த கோடுகள் ஓடும். பூவைப் பிடுங்கி அடியை உறிஞ்சினால் ஒரு துளி தேன் கிடைக்கும். கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த ருசி நினைவிருக்கும்.

அடுத்து இலையைக் கசக்கி மோந்து பாருங்கள். பழைய தேயிலைத் தூளும் பச்சை வாடையும் கலந்தாற்போல ஒரு மணம், விரலில் வெகுநேரம் நிற்கும். நாக்கு நுனியில் வைத்தால் கசப்பு உடனே தெரியாது. இரண்டு மூன்று நொடி கழித்துத் தொண்டைவரை இறங்கும். ஆடு இந்த வாடைக்கே திரும்பிப் போய்விடும். ஆடு தொடாத இலை என்பதுதான் ஆடாதோடை ஆனது என்பார்கள். ஆடுமாடு மேயும் ஊர்களில் இது வேலிச்செடியாக நின்றதற்குக் காரணமும் அதுதான். 1753-இல் லின்னேயஸ் இதற்கு ஜஸ்டிசியா அடதோடா என்று அறிவியல் பெயர் வைத்தபோது நம் பக்கத்துப் பெயரையே வைத்துக்கொண்டார். மலையாளத்தில் ஆடலோடகம், வடமொழியில் வாசா, இந்தியில் அடூசா.

பெயரில் ஏமாறாதீர்கள்

இந்தப் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

ஆடாதோடைக்கும் ஆடுதீண்டாப்பாளைக்கும் காதில் விழும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டுமே "ஆடு தொடாது" என்றுதான் பெயர் சொல்கின்றன. ஆனால் ஆடுதீண்டாப்பாளை தரையோடு படரும் சிறு கொடி. சாம்பல் பூத்த பச்சையில் இதய வடிவத்தில் இலை இருக்கும். அதில் அரிஸ்டோலோகிக் அமிலம் என்ற பொருள் உண்டு. சிறுநீரகத்தை நிரந்தரமாகக் கெடுக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் உண்டாக்கும் பொருள் அது. சந்தையில் வாய்ச்சொல்லை நம்பி வாங்குபவருக்கு இந்த இரண்டு பெயரும் மாறிப்போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இது வெறும் கற்பனைப் பயம் கிடையாது. பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில் 1990-களின் தொடக்கத்தில் இதே வகைப் பெயர்க் குழப்பம் நடந்தது. உடல் இளைக்கக் கொடுத்த மாத்திரையில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக, ஒலி ஒத்த பெயர் கொண்ட அரிஸ்டோலோகியா இனச் செடி சேர்ந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. பெயரைக் கேட்டு மூலிகை வாங்காதீர்கள், இலையைப் பார்த்து வாங்குங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இன்னொரு சிறிய குழப்பமும் உண்டு. இலங்கையில் ஆடாதோடையைப் பாவட்டை என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் பாவட்டை வேறு செடி. யாழ்ப்பாணத்து உறவினர் சொன்ன கைமருந்தை இங்கே செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இலைக்குள் என்ன இருக்கிறது

நீலகிரியில் மலேரியா மருந்தான குயினைனுக்காகச் சிங்கோனா மரம் வளர்த்த காலம். அந்தப் பட்டைகளைச் சோதிக்க உதகமண்டலத்தில் சென்னை மாகாண அரசு ஒரு வேதியியலாளரை வைத்திருந்தது. டேவிட் ஹூப்பர் என்பது அவர் பெயர். நாட்டு மூலிகைகளையும் அவர் விடாமல் ஆராய்ந்தார். ஆடாதோடை இலையின் கசப்புக்குக் காரணமான ஆல்கலாய்டை 1888-இல் பிரித்தெடுத்து விவரித்தவர் அவர்தான். வடமொழிப் பெயரான வாசாவை ஒட்டி அதற்கு வாசிசின் என்று பெயர் வந்தது.

வாசிசின் மூலக்கூறில் 11 கார்பன், 12 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 1 ஆக்சிஜன் அணுக்கள் இருக்கின்றன. குயினசோலின் என்ற வளைய அமைப்பைச் சேர்ந்தது. இது காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் இரண்டு ஹைட்ரஜனை இழந்து ஓர் ஆக்சிஜனைக் கூடுதலாகப் பெற்று வாசிசினோன் ஆகிவிடும். அதனால் பச்சை இலையிலும் காய்ந்த இலையிலும் இந்த இரண்டின் விகிதம் ஒன்றாக இருக்காது. இவை தவிர வாசிசினால், டீஆக்சிவாசிசின் போன்ற உறவுக்காரப் பொருள்களும், மணத்துக்குக் காரணமான சிறிதளவு ஆவியாகும் எண்ணெயும், ஃபிளேவனாய்டுகளும் இலையில் உள்ளன.

இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆனால் அவை உடம்பில் என்ன செய்கின்றன என்று தெரிந்தால் எப்போது குடிக்கலாம், எப்போது கூடாது என்பது தானாக விளங்கும். வாசிசினோன் மூச்சுக்குழல் தசையைத் தளர்த்தும் தன்மை கொண்டது என்று அமீன், மேத்தா என்ற இரு ஆய்வாளர்கள் 1959-இல் வெளியிட்டார்கள். வாசிசினுக்குச் சளியை இளக்கி வெளியே கொண்டுவரும் தன்மையும், கர்ப்பப்பைத் தசையைச் சுருங்க வைக்கும் தன்மையும் உண்டு.

வாசிசினின் அமைப்பை அடிப்படையாக வைத்து ஜெர்மனியின் போரிங்கர் இங்கல்ஹைம் நிறுவனம் உருவாக்கிய மருந்துதான் புரோம்ஹெக்சின். 1963-இல் விற்பனைக்கு வந்தது. உடம்புக்குள் போன புரோம்ஹெக்சின் மாறி உண்டாகும் பொருள்களில் ஒன்று அம்புராக்சால். அதுவும் தனி மருந்தாக வந்துவிட்டது. வீட்டில் இருக்கும் இருமல் சிரப் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் இந்த இரண்டில் ஒரு பெயர் இருக்க நிறைய வாய்ப்புண்டு. கொல்லை வேலிக்கும் மருந்துக்கடை அலமாரிக்கும் இப்படியொரு நேர்ச்சொந்தம் இருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

பெருமை ஒரு பக்கம் இருக்கட்டும். புரோம்ஹெக்சின் வேலை செய்கிறது என்பதை வைத்து இலையும் அதே அளவு வேலை செய்யும் என்று சொல்லிவிட முடியாது. மாத்திரையில் 8 மில்லிகிராம் என்றால் 8 மில்லிகிராம்தான். இலையில் செடி, பருவம், மண், பறித்த விதம் எல்லாவற்றையும் பொறுத்து அளவு மாறும். 1996-இல் புரோம்ஹெக்சினும் அம்புராக்சாலும் காசநோய்க் கிருமியின் வளர்ச்சியைத் தடுப்பதாக ஒரு சோதனைக்கூட ஆய்வு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு "ஆடாதோடை காசநோயைக் குணமாக்கும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்ற விடுகிறார்கள். கண்ணாடிக் குழாயில் நடப்பது வேறு, நுரையீரலுக்குள் நடப்பது வேறு. காசநோய்க்கு மாதக்கணக்கில் எடுக்க வேண்டிய கூட்டு மருந்து மட்டும்தான் வழி.

யார் குடிக்கக் கூடாது

எங்கள் ஆச்சிக்கு வாசிசின் என்ற பெயர் தெரியாது. ஆனால் ஒரு நாள் அடுப்படியில் நடந்ததை நான் பார்த்தேன். சித்தி மூன்று மாதக் கர்ப்பம். சளி பிடித்து இருமிக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் காய்ச்சிய ஆடாதோடைக் குடிநீரில், அதாவது கசாயத்தில், தனக்கும் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆச்சி ஓடிவந்து கையிலிருந்த டம்ளரை வாங்கித் தொட்டி முற்றத்தில் கொட்டினார். "ஏளா, பிள்ளத்தாச்சி வாயில வைக்கிற எலையா இது? ஒனக்குச் சுக்கும் மல்லியும் போட்டுத் தாரேன், இரி" என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

ஜம்முவில் இருந்த வட்டார ஆராய்ச்சிக்கூடத்தில் சி.கே. அடல் குழுவினர் வாசிசினை ஆராய்ந்து, அது கர்ப்பப்பையைச் சுருக்கும், கருவையும் கலைக்கும் என்று 1980-ஐ ஒட்டி எழுதினார்கள். ஆச்சி டம்ளரைக் கொட்டியதற்கான வேதியியல் அதுதான். பழைய மருத்துவச்சிகள் நிறைமாதத்தில் சுகப்பிரசவத்துக்கென்று ஆடாதோடை வேர்க் குடிநீர் கொடுத்ததும் இதே தன்மையை நம்பித்தான். இன்று அதை வீட்டில் யாரும் செய்து பார்க்கக் கூடாது. கர்ப்பப்பைச் சுருக்கம் எவ்வளவு வர வேண்டும் என்பது மருத்துவமனையில் சொட்டுக் கணக்கில் பார்த்துச் செய்யும் காரியம்.

ஆக, கர்ப்பிணிகளுக்கும், கர்ப்பமாக இருக்கலாம் என்ற நிலையில் உள்ளவர்களுக்கும் ஆடாதோடை எந்த வடிவத்திலும் வேண்டாம். இலை, பொடி, இலைக் கசாயத்தில் பனங்கற்கண்டு சேர்த்துக் காய்ச்சும் மணப்பாகு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். 2020-இல் தமிழ்நாடெங்கும் குடித்தோமே கபசுரக் குடிநீர், அதன் 15 சரக்குகளில் ஆடாதோடை இலையும் ஒன்று. அதனால் கர்ப்பிணிகள் அந்தப் பொடியையும் மருத்துவரிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது.

பால் கொடுக்கும் தாய்மார்களும், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் சித்த மருத்துவரைப் பார்க்காமல் வீட்டு அளவில் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்து எதையுமே கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி விதை அந்த வயதில் ஆபத்து. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மணப்பாகை விட்டுவிடலாம், அதில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும், வேறு நாள்பட்ட மருந்து எடுப்பவர்களும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எந்த இருமலுக்கு இது

நெஞ்சில் சளி கட்டி, வெளியே வராமல் கறகறவென்று இழுக்கும் இருமலுக்குத்தான் ஆடாதோடை. சளி இளகிவிட்டால் இருமல் முதல் நாள் கொஞ்சம் கூடியதுபோலத் தெரியும், அப்புறம் அடங்கும். அது இயல்பு.

சளியே இல்லாத வறட்டு இருமலுக்கு இதைக் குடித்துப் பலன் பார்க்க முடியாது. நெஞ்செரிச்சலால் இரவில் வரும் இருமல், சில இரத்த அழுத்த மாத்திரைகளால் வரும் இருமல், புகையால் வரும் இருமல் எல்லாம் வேறு வேறு கதை. இருமலை அடக்கும் சிரப் ஒன்றைக் குடித்துக்கொண்டே கூடவே ஆடாதோடையும் குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்று சளியை இளக்குகிறது, இன்னொன்று இருமி வெளியேற்றுவதைத் தடுக்கிறது. இளகிய சளி எங்கே போகும்? புரோம்ஹெக்சினோ அம்புராக்சாலோ உள்ள சிரப் குடிக்கும் நாட்களிலும் இலையைத் தள்ளி வையுங்கள், ஒரே வேலைக்கு இரண்டு ஆள் வேண்டாம்.

ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரை நிறுத்திவிட்டு இதற்கு மாறவே கூடாது.

இலை பறிப்பது

கொழுந்தும் வேண்டாம், பழுத்ததும் வேண்டாம். கிளை நுனியிலிருந்து மூன்றாவது, நான்காவது கணுவில் இருக்கும் கரும்பச்சை இலை சரியாக இருக்கும். சாலையோரம், சாக்கடையோரம், பூச்சிமருந்து தெளித்த வயல் வரப்பு ஆகிய இடங்களில் பறிக்காதீர்கள். காலையில் பனி ஈரம் காய்ந்த பிறகு பறித்து, இரண்டு தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி எடுங்கள். நடுநரம்பைக் கிள்ளி எடுத்துவிட்டால் கசாயம் வடிகட்ட எளிது.

பொடிக்காகக் காய வைப்பதென்றால் நிழல்தான். ஒரு வருடம் அவசரப்பட்டு மொட்டைமாடி வெயிலில் தார்ப்பாயில் பரப்பிவிட்டேன். இரண்டு நாளில் சருகாகி, பழுப்பேறி, மணமும் போய்விட்டது. அத்தனையையும் உரக்குழியில் கொட்ட வேண்டியதாயிற்று. காற்றோட்டமான அறையில் பருத்தித் துணி விரித்து, ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்பி, தினம் ஒரு தடவை திருப்பிவிட்டால் ஒரு வாரம் பத்து நாளில் நொறுங்கும் பதம் வரும். கையில் எடுத்துக் கசக்கினால் மடங்காமல் நொறுங்க வேண்டும். நிறம் மங்கிய பச்சையாக இருக்க வேண்டும். காற்றுப் புகாத கண்ணாடிப் பாட்டிலில், வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் வைத்ததை நான் பயன்படுத்துவதில்லை.

காய்ச்சும் முறைகள்

ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்கான குடிநீர் இது. விளைந்த இலை நான்கு, மிளகு ஐந்தாறு, விரல் நுனி அளவு இஞ்சி. இலையைக் கிள்ளிப் போட்டு, மிளகையும் இஞ்சியையும் தட்டிப் போட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர், அதாவது 400 மில்லி, ஊற்றுங்கள். எவர்சில்வர் அல்லது மண் பாத்திரம் நல்லது. கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடாமல், அரை டம்ளராக வற்றும்வரை விடுங்கள். நாலில் ஒன்றாக வற்ற வைப்பது பழைய கணக்கு. இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகும். வீடு முழுக்க அந்த வாடை பரவும், தண்ணீர் இளம்பச்சையிலிருந்து தேயிலைத் தண்ணீர் நிறத்துக்கு மாறும். வடிகட்டி, காலை உணவுக்குப் பின் பாதி, மாலையில் பாதி குடிக்கலாம். வெறும் வயிற்றில் குடித்தால் சிலருக்குக் குமட்டும். தேன் சேர்ப்பதென்றால் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு சேருங்கள். மீந்ததை மறுநாளுக்கு வைக்க வேண்டாம்.

சாறு எடுப்பது இன்னொரு முறை. ஆடாதோடை இலையைப் பச்சையாக அம்மியில் அரைத்துப் பிழிந்தால் சாறு இறங்காது, நாராகத் திரண்டு நிற்கும். அதற்கு நம் வீட்டுப் பெரியவர்கள் கண்ட வழி இட்லிப் பானை. பத்து இலையை இட்லித் தட்டில் அடுக்கி ஏழெட்டு நிமிடம் அவித்தால் இலை துவண்டு, நிறம் மாறி, பளபளப்பு போய்விடும். சூடு ஆறுவதற்குள் உரலில் இடித்து, வெள்ளைத் துணியில் கட்டி முறுக்கிப் பிழிந்தால் கரும்பச்சைச் சாறு சொட்டுச் சொட்டாக இறங்கும். இரண்டு மூன்று தேக்கரண்டி கிடைத்தால் அதிகம். துணியில் விழும் கறை எத்தனை தடவை துவைத்தாலும் போகாது, அதற்கென்று ஒரு பழைய துண்டை ஒதுக்கி வையுங்கள். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி, அதே அளவு தேனுடன், நாளைக்கு இரண்டு வேளை போதும். சாறு குடிநீரைவிட வீரியமானது என்பதால் புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் குடிநீரையே சொல்வேன்.

மணப்பாகு செய்வதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். 20 இலையை 800 மில்லி தண்ணீரில் போட்டு 200 மில்லியாக வற்ற வைத்து வடிகட்டுங்கள். அதில் 250 கிராம் பனங்கற்கண்டைத் தட்டிப் போட்டுக் கரைத்து, மறுபடி ஒரு தடவை மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். பனங்கற்கண்டில் தூசியும் நாரும் இருக்கும். அப்புறம் இளந்தீயில் கிண்டிக்கொண்டே இருக்க, நுரை பெரிதாகப் பொங்கி, பிறகு அடங்கிச் சிறு சிறு குமிழாகும். அப்போது ஒரு சொட்டைத் தட்டில் விட்டுச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீராக ஓடாமல், தேன்போல மெல்ல நகர்ந்தால் இறக்கிவிடலாம். கம்பிப் பதம் போய்விட்டால் ஆறியதும் கற்கண்டாகக் கட்டிவிடும். பதம் குறைந்தால் நாலைந்து நாளில் புளித்துவிடும். நன்றாக ஆறிய பிறகு, வெந்நீரில் கழுவிக் காய வைத்த பாட்டிலில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். நுரை கட்டினாலோ புளிப்பு வாடை வந்தாலோ யோசிக்காமல் கொட்டுங்கள். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு இரண்டு தேக்கரண்டி, கால் டம்ளர் வெந்நீரில் கலந்து இரண்டு வேளை.

பாட்டிலில் ஒரு தாள் ஒட்டி, செய்த தேதியையும் "கர்ப்பிணிகளுக்கு இல்லை" என்பதையும் எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு இருமல் வந்தால், அலமாரியில் இருக்கும் பாட்டிலை எடுத்துக் கொடுப்பது யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்.

எப்போது நிறுத்துவது, எப்போது ஓடுவது

மூன்று நாள் குடித்துப் பாருங்கள். குறைந்துகொண்டு வந்தால் ஐந்தாம் நாளோடு நிறுத்திவிடலாம். சளி இல்லாதபோது "உடம்புக்கு நல்லது" என்று தினமும் குடிப்பதற்கு எந்த அவசியமும் இல்லை. குடித்த பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு, தோலில் தடிப்பு எது வந்தாலும் அன்றே நிறுத்துங்கள்.

சளியில் இரத்தம் தெரிந்தால், மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் போனால் குடிநீரை நம்பி உட்கார வேண்டாம். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் காசநோய்ப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். எடை குறைவது, மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை சேர்ந்திருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

சின்னக் குழந்தைக்குச் சளி என்றால் மூச்சை எண்ணத் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் என்றால் 50, ஒரு வயது முதல் ஐந்து வயதுக்குள் என்றால் 40. அந்த எண்ணைத் தொட்டாலே நிமோனியாவாக இருக்கலாம். விலா எலும்புக்குக் கீழே சதை உள்ளிழுத்தால் எண்ணிக்கொண்டிருக்கவும் வேண்டாம், உடனே கிளம்புங்கள். இரண்டு மாதம்கூட ஆகாத குழந்தை என்றால் எந்தக் கணக்கும் பார்க்காமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கடையில் வாங்குவதென்றால்

எல்லாருக்கும் கொல்லை இருக்காது. நாட்டு மருந்துக் கடையில் முழு இலையாகக் கேளுங்கள். முழு இலையைப் பார்த்தால் அடையாளம் தெரியும், பொடியில் எதுவும் தெரியாது. பொடிதான் கிடைக்கிறது என்றால் உற்பத்தி உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி மூன்றும் அச்சிட்ட பொட்டலமாகப் பாருங்கள். ஆடாதோடை மணப்பாகு அரசு சித்த மருத்துவப் பிரிவுகளிலேயே கொடுப்பார்கள். டாம்ப்கால், இம்ப்காப்ஸ் போன்ற நிறுவனங்களின் சித்த மருந்துகளும் கடைகளில் கிடைக்கும். ஆயுர்வேதக் கடையில் வாசாரிஷ்டம், வாசாவலேகம் என்ற பெயரில் இருப்பதும் இதே செடியிலிருந்து செய்ததுதான். இரண்டு கடையில் இரண்டு பெயரில் வாங்கி இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடாதீர்கள்.

வேலியில் ஒரு குச்சி

விதைக்காக அலைய வேண்டியதில்லை. ஐப்பசி மழை தொடங்கும்போது, பென்சில் கனமுள்ள, பாதி முற்றிய கிளையில் ஒரு சாண் நீளத்துக்கு, மூன்று நான்கு கணு இருக்குமாறு வெட்டுங்கள். அடிப்பக்கம் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்ட வேண்டும். மேலே இரண்டு சிறிய இலையை விட்டு மற்றதைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகுமாறு ஊன்றுங்கள். நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் மூன்று நான்கு வாரத்தில் துளிர்விடும். தொட்டியில் வளர்ப்பவர்கள் குறைந்தது ஒன்றரை அடி ஆழமுள்ள தொட்டியாகப் பாருங்கள். தண்ணீர் தேங்கினால் மட்டும் வேர் அழுகும். மற்றபடி பிடிவாதமான செடி, வெயிலும் தாங்கும், பாதி நிழலும் தாங்கும்.

பூச்சித் தொல்லையும் பெரிதாக இருக்காது. இயற்கை விவசாயிகள் ஆடு தின்னாத ஐந்து வகை இலைகளை நறுக்கி, மாட்டுக் கோமியத்தில் ஊறவைத்துப் பயிருக்குத் தெளிக்கிறார்களே, அந்த ஐந்திலைக் கரைசலில் ஆடாதோடைக்கும் இடமுண்டு. கவாத்து செய்து விழும் இலைகளை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

முதல் வருடம் செடியைத் தொடாதீர்கள். இடுப்பளவு வளர்ந்து நாலைந்து கிளை விட்ட பிறகு, ஒரு கிளையில் நான்கு இலைக்கு மேல் பறிக்காமல் எடுத்துவந்தால் செடி தளராது. இந்த ஐப்பசியில் ஊன்றிய குச்சியில் அடுத்த ஐப்பசிக்கு வீட்டுத் தேவைக்கான இலை இருக்கும். அப்போது பக்கத்து வீட்டிலிருந்து யாராவது "நாலு எல" கேட்டு வருவார்கள். பறித்துக் கொடுக்கும்போது, குடிக்கப்போவது யார் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.